அழுகிய கிழங்கும் அரசின் அறிவுரையும்: அயர்லாந்தின் உருளைக்கிழங்கு நோய் (1845–1852)

1845ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அயர்லாந்தின் ஏழை உழவர்கள் தங்கள் தோட்டத்து உருளைக்கிழங்கைத் தோண்டியபோது அதில் ஒரு பகுதி அழுகியிருந்தது. நல்லதெனப் பொறுக்கிக் குழியில் சேமித்த கிழங்கும் சில வாரங்களில் நாற்றமெடுத்துக் கூழானது. கையில் இருக்கும் விளைச்சலை எப்படிக் காப்பாற்றுவது என்பதே அப்போது எல்லோரும் கேட்ட கேள்வி. பிரித்தானிய அரசு அறிஞர் குழு ஒன்றை அனுப்பி அதற்கு விடை சொன்னது. ஆனால் அந்த விடை பலிக்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் அதைத் தொடர்ந்த காய்ச்சல்களாலும் இறந்தனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர். இதுவே வரலாற்றில் அயர்லாந்துப் பெரும் பஞ்சம் எனப்படுகிறது.

அந்த அறிவுரை ஏன் தவறியது, நோயின் காரணம் எப்படிக் கண்டறியப்பட்டது, பயன்தரும் தடுப்பு முறைகள் எப்போது வந்தன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கிழங்கை நம்பிய குடும்பங்கள்

1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அயர்லாந்தின் மக்கள்தொகை 81 லட்சத்து 75 ஆயிரம். இவர்களில் சுமார் 30 லட்சம் பேருக்கு உருளைக்கிழங்குதான் அன்றாட உணவு. வேலை செய்யும் ஆண் ஒருவர் நாளொன்றுக்கு 5 முதல் 6 கிலோ வரை கிழங்கு உண்டார். கிடைத்தால் கூடவே மோர். வேறு பெரிதாக எதுவும் இல்லை.

இதற்குக் காரணம் நிலவுடைமை முறை. நல்ல நிலம் பெரும்பாலும் நிலக்கிழார்களிடம் இருந்தது. அதில் விளைந்த கோதுமையும் ஓட்சும் வளர்த்த கால்நடையும் குத்தகைப் பணத்துக்காக விற்கப்பட்டன. கூலித் தொழிலாளி ஒருவர் கால் ஏக்கரோ அரை ஏக்கரோ ஒரு பருவத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து, அதில் வீட்டுக்கான கிழங்கைப் பயிரிட்டார். ஒன்றரை ஏக்கர் இருந்தால் ஐந்தாறு பேர் கொண்ட குடும்பம் ஏறத்தாழ ஓராண்டு உண்ணலாம். அதே நிலத்தில் தானியம் விதைத்திருந்தால் அந்தக் குடும்பம் பிழைத்திருக்க முடியாது.

ஏழைகள் பெரிதும் பயிரிட்டது ‘லம்பர்’ என்னும் வகை. சுவை குறைவு என்றாலும் ஈரமான, வளமற்ற நிலத்திலும் அது நிறைய விளைந்தது. உருளைக்கிழங்கு விதையிலிருந்து அல்லாமல் கிழங்குத் துண்டிலிருந்து முளைக்கிறது. எனவே ஒரு வகையின் எல்லாச் செடிகளும் மரபில் ஒன்றே. ஒரு செடியைத் தாக்கும் நோய்க்கு அடுத்த செடியிடமும் எதிர்ப்பு இருக்காது. நாடு முழுவதும் ஒரே செடியின் நகல்களால் நிறைந்திருந்தது என்றே சொல்லலாம்.

மேலும், கிழங்கைத் தானியம்போல ஆண்டுக்கணக்கில் சேமிக்க இயலாது. இலையுதிர் காலத்தில் எடுத்த கிழங்கு அடுத்த கோடைத் தொடக்கம் வரைதான் தாங்கும். புதுக்கிழங்கு வரும்வரை உள்ள மாதங்கள் நல்ல ஆண்டுகளிலும் பசி மாதங்களாகவே இருந்தன.

நோய் வந்த வழி

இந்நோய் 1843இல் அமெரிக்காவின் பிலடெல்பியா, நியூயார்க் பகுதிகளில் முதலில் கவனிக்கப்பட்டது. 1845 கோடையில் அது பெல்ஜியத்தில் தோன்றியது. அங்கிருந்து நெதர்லாந்து, வடக்குப் பிரான்சு, இங்கிலாந்து எனப் பரவி, ஆகஸ்ட் மாதத்தில் டப்ளின் அருகே கிளாஸ்னெவின் தாவரவியல் தோட்டத்தை எட்டியது. செப்டம்பர் 13 அன்று, லண்டனிலிருந்து வெளிவந்த ‘கார்டனர்ஸ் கிரானிக்கிள்’ இதழ், நோய் அயர்லாந்தில் தென்பட்டுவிட்டதை அறிவித்தது. அதன் ஆசிரியர் ஜான் லிண்ட்லி என்னும் தாவரவியல் பேராசிரியர்.

அறிகுறிகள் எளிதில் தெரிபவை. இலையின் ஓரத்தில் நீர் தோய்ந்தது போன்ற புள்ளி உண்டாகி, பழுப்பாகிக் கருகும். ஈரமான காலையில் இலையின் அடிப்புறத்தில் வெண்மையான மெல்லிய பூசணம் தெரியும். சில நாள்களில் வயல் முழுவதும் கறுத்துத் துர்நாற்றம் வீசும். கிழங்கின் தோல் மங்கிக் குழிவிழும். உள்ளே சதை செம்பழுப்பு நிறமாகும். பிறகு பாக்டீரியாக்கள் புகுந்து கிழங்கைக் கூழாக்கிவிடும்.

அறிஞர் குழுவின் அறிவுரை

1845 அக்டோபரில் பிரதமர் ராபர்ட் பீல், லிண்ட்லியையும் லயன் பிளேஃபேர் என்னும் வேதியியலாளரையும் அயர்லாந்துக்கு அனுப்பினார். டப்ளினைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் கேன் அவர்களுடன் சேர்ந்தார். விளைச்சலில் பாதி அழிந்துவிட்டது அல்லது விரைவில் அழியும் என்று குழு மதிப்பிட்டது. பின்னாளைய ஆய்வாளர்கள் அவ்வாண்டு இழப்பை மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் எனக் கணக்கிடுகின்றனர்.

உழவர்களுக்கான அறிவுரை 70,000 படிகள் அச்சிடப்பட்டு, பங்குப் பாதிரியார்கள் வழியாக ஊர்களுக்கு அனுப்பப்பட்டது. அதன் சாரம் இது: கிழங்கை உலர்ந்த நாளில் தோண்டி வெயிலில் காயவைக்க வேண்டும். மேடான இடத்தில், சுற்றிலும் வடிகால் வெட்டி, காற்றோட்டமுள்ள சேமிப்புக் குழி அமைக்க வேண்டும். சுட்ட சுண்ணாம்பையும் மணலையும் கலந்து கிழங்குகளுக்கு இடையே தூவ வேண்டும். அழுகத் தொடங்கிய கிழங்கை எறியாமல், துருவி, தண்ணீரில் அலசி, துணியில் வடிகட்டி, மாவுச்சத்தைப் பிரிக்க வேண்டும். மீந்த சக்கையைக் கல்லில் உலர்த்தி, அந்த மாவுடனும் ஓட்ஸ் மாவு அல்லது பயற்று மாவுடனும் சேர்த்து ரொட்டி சுடலாம். அறிவுரை புரியாதவர்கள் நிலக்கிழாரையோ பாதிரியாரையோ கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்லப்பட்டது.

ஒற்றை அறைக் குடிசையில் வாழும் குடும்பத்திடம் துருவியும் தொட்டிகளும் வடிதுணியும் இருக்குமா, கலப்பதற்கு வேறு மாவு இருக்குமா என்ற கேள்விகள் ஒருபுறம். மறுபுறம், சொன்னபடி உலர்த்திச் சுண்ணாம்பு தூவிக் குழி அமைத்தவர்களின் கிழங்கும் அழுகியது. இதுதான் மக்களைத் திகைக்க வைத்தது.

அறிவுரை ஏன் பலிக்கவில்லை?

லிண்ட்லி நோயின் காரணத்தை ஈரம் என்று கருதினார். அவ்வாண்டுக் கோடை குளிர்ச்சியும் மழையும் மிகுந்தது. செடி அளவுக்கு மீறித் தண்ணீரை உறிஞ்சி, அதை வெளியேற்ற முடியாமல் அழுகியது என்பது அவரது விளக்கம். காரணம் ஈரம் என்றால் தீர்வு உலர்த்துவது. அறிவுரையின் அடிப்படை இதுவே. தர்க்கத்தில் பிழை இல்லை. தொடங்கிய இடம்தான் தவறு.

உண்மையில் நோயை உண்டாக்குவது பைட்டோப்தோரா இன்பெஸ்டன்ஸ் என்னும் நுண்ணுயிரி. பார்வைக்குப் பூஞ்சை போல இருந்தாலும், இது பழுப்புப் பாசிகளுக்கு நெருக்கமான நீர்ப்பூஞ்சை வகையைச் சேர்ந்தது. இலையின் அடிப்புறத்து வெண்பூசணத்தில் எண்ணற்ற வித்துப்பைகள் உருவாகின்றன. அவை காற்றில் பறந்து அடுத்த வயலை அடைகின்றன. குளிர்ந்த ஈரத்தில் ஒவ்வொரு வித்துப்பையும் நீந்தும் வித்துகளை வெளியிடுகிறது. ஏற்ற வானிலை அமைந்தால், ஓர் இலையில் விழுந்த வித்து ஒரு வாரத்துக்குள் புதிய வித்துகளைத் தருகிறது. ஈரம் நோய்க்குத் துணை. ஆனால் நோயே அதுவன்று.

இலையில் உள்ள வித்துகளை மழைநீர் மண்ணுக்குள் கழுவிச் செல்கிறது. மண்ணின் மேற்பகுதியில் உள்ள கிழங்குகள் இவ்வாறு தொற்றுக்கு உள்ளாகின்றன. கருகிய செடி நிற்கும்போதே கிழங்கைத் தோண்டினால், இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் வித்துகள் நல்ல கிழங்கின் மீதும் ஒட்டுகின்றன. தோண்டும் நாளில் நன்றாகத் தெரியும் கிழங்குக்குள் நோய் ஏற்கெனவே புகுந்திருக்கலாம். உள்ளே புகுந்த நுண்ணுயிரியை வெளியே தூவிய சுண்ணாம்பு ஒன்றும் செய்யாது. அறிவுரை வருவதற்கு முன்பே சேதம் நிகழ்ந்துவிட்டது.

இதைவிடப் பெரிய ஆபத்து விதைக்கிழங்கில் இருந்தது. இந்நுண்ணுயிரி உயிருள்ள கிழங்குக்குள் குளிர்காலத்தைக் கழிக்கிறது. விதைக்கென்று எடுத்துவைத்த கிழங்கிலும், வயலோரம் குவித்து எறிந்த கழிவுக் கிழங்கிலும் அது பிழைத்திருந்து, வசந்தத்தில் முளையோடு சேர்ந்து வெளிவந்தது. இவற்றை அழிக்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

1846: இரண்டாம் அடி

1846 கோடையின் தொடக்கத்தில் செடிகள் செழித்திருந்தன. மதுவிலக்குப் பிரசாரகரான தியோபால்ட் மாத்யூ பாதிரியார் ஜூலை 27 அன்று கார்க் நகரிலிருந்து டப்ளினுக்குப் பயணம் செய்தபோது வழியெங்கும் வயல்கள் பூத்திருந்தன. ஆகஸ்ட் 3 அன்று அதே வழியில் திரும்பியபோது எல்லாம் அழுகிக் கிடந்தன. மக்கள் தோட்ட வேலியில் அமர்ந்து கைகளைப் பிசைந்து அழுவதைக் கண்டதாக அவர் அரசுக்கு எழுதினார். இடைவெளி ஒரே ஒரு வாரம்.

அவ்வாண்டு விளைச்சல் ஏறத்தாழ முழுவதும் அழிந்தது. பசியில் விதைக்கிழங்கையும் உண்டுவிட்டனர். 1845இல் சுமார் 20 லட்சம் ஏக்கரில் பயிரான கிழங்கு, 1847இல் 3 லட்சம் ஏக்கருக்கும் குறைவாகவே பயிரிடப்பட்டது. அவ்வாண்டு நோய் குறைவாக இருந்தும் கிழங்கு போதவில்லை. அதை நம்பி 1848இல் மீண்டும் நிறையப் பயிரிட்டார்கள். நோய் மீண்டும் வந்தது.

பயிர்நோய் பஞ்சமானது எப்படி?

வகுப்பில் இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் தவறாமல் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: ‘வேறு எதையாவது சாப்பிட்டிருக்கலாமே?’ சரியான கேள்வி. இதே நோய் பெல்ஜியத்தையும் நெதர்லாந்தையும் தாக்கியது. அங்கும் மக்கள் இறந்தனர். ஆனால் அயர்லாந்தின் அளவுக்கு அழிவு நேரவில்லை. அங்கு உணவும் வருவாயும் ஒரே பயிரைச் சார்ந்திருக்கவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம்.

அயர்லாந்தில் பஞ்ச ஆண்டுகளிலும் தானியம் ஏற்றுமதியானது. ஏழைகளிடம் அதை வாங்கப் பணம் இல்லை. பீல் அரசு 1845 நவம்பரில் ஒரு லட்சம் பவுண்டுக்கு அமெரிக்க மக்காச்சோளம் வாங்கியது. 1846இல் ஆட்சி மாறியபின், சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்ற கொள்கை வலுப்பெற்றது. நிவாரணத்தைச் சாலை போடுதல் போன்ற பொதுப்பணி வழியாகவே வழங்கினர். 1847 மார்ச்சில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்பணிகளில் இருந்தனர். கூலியால் விலையை எட்ட முடியவில்லை. பிறகு திறக்கப்பட்ட கஞ்சிக் கூடங்கள் 1847 ஜூலையில் நாள்தோறும் சுமார் 30 லட்சம் பேருக்கு உணவளித்தன. அவை பயன் தந்தபோதும் சில மாதங்களில் மூடப்பட்டன.

அதே 1847இல் வந்த சட்டப்பிரிவு ஒன்று கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்குப் பொது நிவாரணம் இல்லை என்றது. கஞ்சி வேண்டுமானால் தோட்டத்தை விட்டுவிட வேண்டும். தோட்டத்தை விட்டவருக்கு அடுத்த ஆண்டு விதைக்க இடம் இல்லை. வீட்டுத் தோட்டத்துக் கிழங்கால் பிழைத்த ஒரு சமூகத்தின் வேரையே இது அறுத்தது. 1851 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 65 லட்சத்து 52 ஆயிரமாகக் குறைந்தது.

இந்த நிவாரணக் கொள்கையை நடத்திய நிதித்துறை அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன். பிற்காலத்தில் 1859–1860இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர் இவரே.

காரணத்தைத் தேடியவர்கள்

நோய்க்குப் பலரும் பல காரணம் சொன்னார்கள். இறைவனின் தண்டனை என்றனர் சிலர். புகைவண்டியின் புகை, காற்றிலுள்ள மின்சாரம், பறவை எச்ச உரம் என்று வேறு சிலர் ஊகித்தனர். இவற்றுக்கிடையே, நெப்போலியன் படையில் மருத்துவராக இருந்த பிரான்சு நாட்டுக் கமில் மொந்தான்யே, 1845 ஆகஸ்டிலேயே நோயுற்ற இலையிலிருந்த பூசணத்தை விவரித்துப் பெயரிட்டார்.

அவரோடு கடிதத் தொடர்பில் இருந்தவர் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி. இங்கிலாந்தின் கிங்ஸ் கிளிஃப் என்னும் சிற்றூரில் வாழ்ந்த பாதிரியார். நுண்ணோக்கியில் பூஞ்சைகளை ஆராய்வதில் வல்லவர். 1846இல் வெளியிட்ட கட்டுரையில், பூசணம் அழுகலின் விளைவு அன்று, அதுவே அழுகலின் காரணம் என்று அவர் வாதிட்டார். நோய்க்கிருமிக் கொள்கையை லூயி பாஸ்டர் நிலைநாட்டுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய கருத்து இது. லிண்ட்லி உள்ளிட்ட பலரும் ஏற்கவில்லை. பெர்க்லியிடம் நேர்முகச் சோதனைச் சான்று இல்லை என்பதும் உண்மை.

அச்சான்றைத் தந்தவர் செர்மானிய அறிஞர் அன்டன் டி பாரி. அவர் நலமான செடிகளில் வித்துகளை இட்டு, இட்டவை மட்டுமே நோயுறுவதை 1861இல் நிறுவினார். 1876இல் அந்த நுண்ணுயிரிக்குப் பைட்டோப்தோரா என்ற பேரினப் பெயரையும் வழங்கினார். கிரேக்க மொழியில் அதற்குத் ‘தாவர அழிப்பான்’ என்று பொருள். பஞ்சம் தணிந்து ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கழித்தே காரணம் ஐயமின்றி உறுதியானது.

மருந்தும் முறையும்

மருந்து திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்தது. 1882இல் பிரான்சின் போர்டோ பகுதியில் திராட்சைக் கொடிகளை அடிச்சாம்பல் நோய் தாக்கியிருந்தது. சாலையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக இருப்பதைப் பியர் மாரி அலெக்சி மில்லார்டே கவனித்தார். வழிப்போக்கர்கள் பழத்தைப் பறிக்காமல் இருக்க, உழவர்கள் அவற்றின் மீது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தனர். இதை ஆராய்ந்து 1885இல் அவர் வெளியிட்ட கலவையே போர்டோக் கலவை. திராட்சையின் அந்த நோயை உண்டாக்குவதும் நீர்ப்பூஞ்சை வகையே என்பதால் கலவை உருளைக்கிழங்குக்கும் பொருந்தியது. 1890களில் அயர்லாந்தில் தெளிப்பு பரவத் தொடங்கியது.

இதே காலத்தில் டென்மார்க்கின் ஜென்ஸ் லுட்விக் ஜென்சன், வித்துகள் மண் வழியாகவே கிழங்கை அடைகின்றன என்பதைக் காட்டி, செடிக்கு உயரமாக மண் அணைக்கும் முறையைப் பரிந்துரைத்தார். 1952இல் அயர்லாந்தின் வானிலைத் துறை நோய் எச்சரிக்கை வழங்கத் தொடங்கியது. வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் குறையாமல், காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் 12 மணி நேரம் நீடித்தால் ஆபத்து தொடங்குகிறது என்பது ஆஸ்டின் போர்க் வகுத்த விதியின் அடிப்படை. 1845இல் லிண்ட்லி கவனித்த ஈரம் இவ்வாறு தனக்குரிய இடத்தைப் பெற்றது.

இன்று வீட்டுத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு பயிரிடுவோர் பின்பற்றும் முறைகள் எல்லாம் இந்த வரலாற்றிலிருந்து வந்தவை:

1. நோயற்ற, சான்று பெற்ற விதைக்கிழங்கையே நட வேண்டும்.
2. செடியின் அடியில் மண் உயரமாக அணைக்க வேண்டும்.
3. ஒரு விழுக்காடு போர்டோக் கலவையை (ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர்) நோய் தோன்றுமுன் தெளிக்க வேண்டும். இது தடுப்பு மருந்து. நோயுற்ற செடியைக் குணமாக்காது.
4. நோய் கண்டால் தண்டையும் இலையையும் அறுத்து அகற்றி, இரண்டு வாரம் கழித்து, உலர்ந்த நாளில் கிழங்கைத் தோண்ட வேண்டும்.
5. கறை படிந்த கிழங்கை நல்லவற்றோடு சேமிக்கக் கூடாது. விதைக்கு வைக்கவே கூடாது. கழிவைக் குவித்து வைக்காமல் அழிக்க வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவை அறுவடைக்கு முன் செய்ய வேண்டியவை என்பதைக் கவனிக்கலாம். 1845இன் அறிவுரை அறுவடையிலிருந்துதான் தொடங்கியது.

நீலகிரியில்

இந்தியாவில் இந்நோய் 1870–1880 காலத்தில் முதன்முதலில் நீலகிரியில் பதிவானது. தமிழில் இது பின் இலைக்கருகல் நோய் எனப்படுகிறது. குளிர்ச்சியும் மூடுபனியும் கொண்ட நீலகிரியில் ஆண்டுக்கு மூன்று பருவங்களில் உருளைக்கிழங்கு பயிராவதால், நோய்க்கு எப்போதும் ஏதேனும் ஒரு வயல் கிடைத்துவிடுகிறது. மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1957 முதல் உதகை அருகே முத்தோரையில் நிலையம் அமைத்துப் பணிசெய்கிறது. அந்நிறுவனம் 1968இல் வெளியிட்ட குஃப்ரி ஜோதி வகைக்கு இந்நோயைத் தாங்கும் திறன் இருந்தது. நுண்ணுயிரி மாறிக்கொண்டே இருப்பதால் அத்திறன் காலப்போக்கில் குறைந்துவிட்டது.

நீலகிரியிலும் கருகல் நோய் உழவர்களுக்குப் பெரும் பண இழப்பைத் தந்துள்ளது. ஆனால் பஞ்சம் வரவில்லை. இங்கு உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்குச் செல்லும் விற்பனைப் பயிர்; வீட்டு உணவு அரிசியும் ராகியும் சாமையும். பயிர் கருகினால் கடன் ஏறும், அடுப்பு அணையாது. அயர்லாந்தின் கூலித் தொழிலாளிக்கு விற்கவும் உண்ணவும் விதைக்கவும் இருந்தது ஒரே கிழங்கு. அது அழுகியபோது அவரிடம் வேறொன்றும் மிஞ்சவில்லை.